தாயக்கட்டையும் கடவுச்சொல்லும்

ஏ.டி.எம். இயந்திரத்தில் நான்கே இலக்கங்களை அழுத்திப் பணம் எடுக்கிறோம். மின்னஞ்சலுக்கோ எட்டு எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லும் போதாது என்கிறார்கள். பணத்தைக் காக்க நான்கு இலக்கம், கடிதத்தைக் காக்க அதைவிட நீளமான சொல்லா? முரண்பாடாகத் தோன்றுகிறது அல்லவா?

நான்கு இலக்கங்களால் 0000 முதல் 9999 வரை 10,000 எண்களே அமையும். ஆனால் மூன்று முறை தவறாக அழுத்தினால் வங்கி அன்றைக்கு அட்டையை முடக்கிவிடும். திருடனுக்குக் கிடைப்பது 10,000இல் 3 வாய்ப்புதான். அதற்கும் அட்டை அவன் கையில் இருக்க வேண்டும். ஆகவே ஒரு பூட்டின் வலிமையை அறிய, எத்தனை சாவிகள் சாத்தியம் என்று மட்டும் கேட்டால் போதாது. திருடன் எத்தனை சாவிகளைப் போட்டுப் பார்க்க முடியும் என்றும் கேட்க வேண்டும்.

இணையத் திருடன் பெரும்பாலும் வாசலில் நின்று சாவி போடுவதில்லை. நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கும் கடவுச்சொல் பட்டியலையே அள்ளிச் சென்று, தன் வீட்டில் ஓய்வாக உட்கார்ந்து உடைக்கிறான். அங்கே மூன்று முறை என்ற தடை கிடையாது. இது புதிய தந்திரமும் அன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1961இல் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் கணிப்பொறி ஒன்று இயங்கத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்! அதில் அவை உள்ளபடியே எழுதப்பட்டிருந்தன.

அதனால் இன்று நல்ல நிறுவனங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைப்பதில்லை, அரைத்து வைக்கின்றன. நம் தருமபுரிப் பக்கத்துக் கேழ்வரகை நினைத்துக்கொள்ளுங்கள். தானியத்தை மாவாக்கலாம், மாவைத் திரும்பத் தானியமாக்க முடியாது. நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டியதும் கணிப்பொறி அதை அரைத்து, தன்னிடம் உள்ள மாவுடன் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றானால் கதவு திறக்கும். இந்த மாவுக்கு ஹாஷ் என்று பெயர். இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் மாவும் ஒன்றாகிவிடுமே என்று, அரைப்பதற்கு முன் ஆளுக்கொரு குருட்டு எண்ணைக் கலக்கிறார்கள். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? உப்பு!

மாவைத் திருடியவன் என்ன செய்வான்? ஊரில் உள்ள எல்லாத் தானியங்களையும் ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டுப் பார்ப்பான். கணினி விளையாட்டுக்கென்று விற்கும் வரைகலை அட்டை ஒன்றே, பழைய எளிய அரைவை முறைகளில் நொடிக்கு 10,000 கோடிக்கும் மேற்பட்ட சொற்களை அரைத்துவிடும். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26. எட்டு எழுத்துச் சொற்கள் 26இன் எட்டாம் அடுக்கு, அதாவது சுமார் 20,882 கோடி. பெரிய எண்தான், ஆனால் இரண்டே நொடிகளில் தீர்ந்துபோகும்.

"நான் பெரிய எழுத்து, குறி, எண் எல்லாம் சேர்த்திருக்கிறேன்" என்பீர்கள். தருமபுரி என்று எழுதி, ஒரு எட் குறி போட்டு, 636701 என்ற பின்கோடைச் சேர்த்தால் பார்க்க நீளமாக இருக்கும். திருடன் உங்களைவிடச் சோம்பேறி. எல்லா எழுத்துகளையும் மாற்றி மாற்றிப் பார்க்க மாட்டான். இந்தியாவில் பின்கோடுகள் சுமார் 19,000. ஊர்ப் பெயர், ஆள் பெயர் என்று ஒரு லட்சம் சொற்களை எடுத்துக்கொள்வோம். நடுவில் வரும் குறிகள் பன்னிரண்டு. பெருக்கினால் 2,280 கோடி. கால் நொடி வேலை! டி.என். 29 என்ற வண்டி எண்ணும், பிறந்த தேதியும், கிரிக்கெட் வீரர் பெயரும் இதே கதிதான்.

இன்னும் பெரிய ஆபத்து, ஒரே சொல்லைப் பல இடங்களில் வைப்பது. உணவு வரவழைக்கும் ஸொமாட்டோ நிறுவனத்தில் 2017 மே மாதம் சுமார் 1.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. அவற்றில் 66 லட்சம் பேரின் அரைத்த கடவுச்சொற்களும் இருந்தன. நிறுவனமே வெளியிட்ட விளக்கம் படிக்கத்தக்கது. 2015இல் வேறொரு இணைய நிறுவனத்தின் பட்டியல் கசிந்தது. அங்கே கடவுச்சொற்கள் அரைக்கப்படாமல் இருந்தன. அதில் ஸொமாட்டோவின் நிரலாளர் ஒருவரின் சொல்லும் இருந்தது. அதே சொல்லைத்தான் அவர் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்திலும் வைத்திருந்தார். திருடன் அந்த வழியாக நிரலுக்குள் நுழைந்து, அதில் ஒரு ஓட்டையைக் கண்டு, அங்கிருந்து கிடங்கை அடைந்தான். எங்கோ தொலைந்த சாவி இங்கே கதவைத் திறந்தது.

பிளஸ் டூ மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2018 முதல் தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில்தான் நடக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற வரிசையைக் கணக்கினுள் நுழைந்து நீங்களே பதிய வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு பிரௌசிங் சென்டர்க்காரர்தான் மின்னஞ்சலைத் தொடங்கித் தருகிறார். கடவுச்சொல்லும் அவர் வைத்ததே. வருபவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி, பெயரும் 123ம். அது அவருடைய நோட்டிலும் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். நோட்டைப் புரட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படியா? அந்த மின்னஞ்சலைத் திறக்க முடிந்தவர், "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தி அதனோடு இணைந்த மற்றக் கணக்குகளையும் மாற்றப் பார்க்கலாம். எனவே வீட்டுக்கு வந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

எதாக மாற்றுவது? மனத்தில் தோன்றுவதை வைக்காதீர்கள். மனித மனம் குருட்டாகத் தேர்ந்தெடுப்பதில் மிக மோசமான கருவி. நம் வீட்டுத் தாயக்கட்டை அதைவிட எவ்வளவோ மேல். அதற்கு நான்கு பக்கங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு வெறும் பக்கம். ஒரு கட்டையை ஐந்து முறை உருட்டினால் 4×4×4×4×4, அதாவது 1,024 விடைகள். வகுப்பில் 32 பேர் ஆளுக்கு 32 எளிய சொற்கள் எழுதினால் சரியாக 1,024 சொற்கள். 0 முதல் 1,023 வரை எண்ணிடுங்கள். கட்டை 2, 0, 3, 1, 1 என்று விழுந்தால் 2×256 + 0×64 + 3×16 + 1×4 + 1 = 565. அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டிக் கூட்டக் கூடாது. கூட்டுத்தொகை மூன்று வர நான்கு வழிகள். ஆறு வர ஒரே வழி. விளையாட்டின் சுவையே அதுதான், ஆனால் நமக்கு ஆகாது. கேட்டது விழும்படி உருட்டும் கைகாரப் பாட்டிகள் உண்டு. ஆகவே கட்டையை டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள்.

நான்கு சொற்களுக்கு 1,09,951 கோடி வழிகள். சாதாரணக் கணக்குக்குச் சரி. மாவு திருடுபோனால், அரைவையும் எளிதானால், 11 நொடிதான். ஆறு சொற்களுக்கு அதே அட்டை 133 நாள் ஓட வேண்டும். ஏழு சொற்களுக்கு 370 ஆண்டுகளுக்கு மேல். நிறுவனம் நிதானமாக அரைக்கும் புதிய முறையைப் பயன்படுத்தி, திருடனின் வேகம் நொடிக்கு ஒரு லட்சமாகக் குறைந்தால், ஆறு சொற்களே மூன்றரை லட்சம் ஆண்டு தாங்கும். நிறுவனம் எப்படி அரைக்கிறது என்பது நமக்குத் தெரியாதாகையால், முதன்மை மின்னஞ்சலுக்கு ஏழு வைப்பதே என் கட்சி. அதோடு இரண்டாம் படிச் சோதனையையும் இயக்கிவிடுங்கள். தொலைபேசிக்கு வரும் அந்த ஒருமுறை எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

மற்றக் கணக்குகளுக்கு வேறு வேறு சொற்கள் வேண்டுமே, எப்படி நினைவில் வைப்பது? எழுதி வைக்கலாம். வேறு நாட்டில் இருக்கும் திருடனால் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறக்க முடியாது. சொந்தத் தொலைபேசி இருந்தால் கடவுச்சொல் பெட்டகச் செயலி இன்னும் வசதி.

வகுப்பில் செய்த பட்டியலை மறைக்கத் தேவையில்லை. திருடன் கையில் அது இருப்பதாக வைத்துக்கொண்டுதான் மேற்கண்ட கணக்கையே போட்டோம். இரகசியம் கட்டை விழுந்த விதத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டும்போது புலியும் புளியும் ஒன்றாகிவிடும். இரண்டும் பட்டியலில் இருந்தால் ஒன்றை அடித்துவிட்டு வேறு சொல் எழுதுங்கள். இல்லாவிட்டால் 1,024 என்பது 1,023 ஆகிவிடும்.