ஒரே கெர்னல், பல நுண்செயலிகள்

மாணவர்களே, உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் உலகின் அதிவேக 500 மீக்கணினிகளிலும் இயங்குவது லினக்ஸ் என்னும் ஒரே கெர்னல்தான். கெர்னல் என்றால் இயங்குதளத்தின் உட்கரு. நினைவகத்தையும் நுண்செயலியின் நேரத்தையும் மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை.

கைப்பேசிகளில் பெரும்பாலும் ஆர்ம் வகை நுண்செயலி இருக்கும். மடிக்கணினிகள் பலவற்றில் இன்டெல் வகை இருக்கும். இரண்டும் வெவ்வேறு இயந்திர மொழியைப் புரிந்துகொள்பவை. ‘ஒன்றும் செய்யாமல் அடுத்த கட்டளைக்குப் போ’ என்ற எளிய கட்டளையைப் பாருங்கள். இன்டெல் வகைக்கு அது 144 என்ற எண். 64 பிட் ஆர்ம் வகைக்கு 3573751839. ரிஸ்க்-வி என்ற வகைக்கு வெறும் 19!

அப்படியானால் ஒரே கெர்னல் எல்லாவற்றிலும் எப்படி இயங்குகிறது?

லினக்ஸின் மூலநிரல் பெரும்பாலும் ‘சி’ மொழியில் எழுதப்பட்டது. அதைக் குறிப்பிட்ட நுண்செயலியின் எண்களாக மாற்றித் தருவது தொகுப்பி என்னும் மென்பொருள். இன்டெல் மடிக்கணினியில் அமர்ந்தபடியே ஆர்ம் கைப்பேசிக்கான கெர்னலையும் உருவாக்கலாம். இதற்குக் குறுக்குத் தொகுப்பு என்று பெயர்.

ஆனால், தொகுப்பியால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. கணினி விழித்தெழும் முதல் நொடியில் செய்ய வேண்டியவை, நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரிக்கும் முறை போன்றவை ஒவ்வொரு நுண்செயலிக்கும் வேறுபடும். இவற்றை நிரலாளர்கள் தனித்தனியே எழுதித் தனிக் கோப்புறைகளில் வைக்கிறார்கள். கோப்பு முறைமை, வலையமைப்பு போன்ற மற்றப் பெரும்பகுதி அனைவருக்கும் பொது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இன்டெல் 386க்காக மட்டும் எழுதிய லினக்ஸ் இன்று பல வகை நுண்செயலிகளில் இயங்குவது இப்படித்தான்.

இதன் பயனைச் சென்னை ஐஐடியில் காணலாம். பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு அங்கு ‘சக்தி’ என்ற நுண்செயலியை வடிவமைத்தது. உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியை அக்குழு தேர்ந்தெடுத்தது. லினக்ஸ் கெர்னலில் ரிஸ்க்-விக்கான பகுதி 2018 ஜனவரியில் வெளியான 4.15 பதிப்பில் சேர்ந்தது. அதே ஆண்டில் சக்தி சில்லிலும் லினக்ஸ் இயங்கியது.

மென்பொருள் இல்லாத சில்லு வெறும் சிலிக்கான் துண்டுதான். புதிய சில்லுக்காக ஓர் இயங்குதளத்தையே முதலிலிருந்து எழுதுவதென்றால் பல ஆண்டுகள் ஆகும். பொதுப் பகுதி தயாராக இருந்ததால், ஒரு பல்கலைக்கழகக் குழுவாலும் இது முடிந்தது.

செய்து பாருங்கள்: 144, 19 ஆகியவற்றை இரும எண்களாக மாற்றுங்கள். நுண்செயலி படிப்பது அந்த 0, 1 வரிசையைத்தான்.