மருந்து ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்வி

வானொலியில் 'போம்பே நோய்' என்று சொன்னால் பாதி நேயர்களின் காதில் 'பம்பாய்' என்றுதான் விழும். அந்த நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1932இல் இந்த நோயை விவரித்த டச்சு மருத்துவரின் பெயர் அது.

செல்களுக்குள் சேரும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப் பொருளை உடைக்க ஒரு நொதி தேவை. அது அறவே வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தைக்கு இதயம் பெருக்கும், தசைகள் துவளும். சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. 2006இல் அந்த நொதியே மருந்தாக வந்தது; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள்.

இல்லாததைக் கொடுத்துவிட்டோம், அப்புறம் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் சிக்கல். பழுதான நொதியைக் கொஞ்சமாவது தயாரிக்கும் உடலுக்கு மருந்து தெரிந்த முகம். துளிகூடத் தயாரிக்காத உடலுக்கோ அது அந்நியன். எதிர்ப்புப் பொருள்களை உருவாக்கி மருந்தையே முடக்கிவிடும். இந்த மருந்து பெற்ற 32 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. நொதியே இல்லாத 11 பேரும் 27 மாத வயதுக்குள் இறந்தார்கள், அல்லது செயற்கைச் சுவாசக் கருவிக்குப் போனார்கள். மற்ற 21 பேரில் அந்த நிலைக்குப் போனவர்கள் 4 பேர். ஆக, நொதி கொஞ்சம் இருப்பதும் முழு உத்தரவாதம் அல்ல.

ஆனால் எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் மரபணுச் சோதனையிலேயே கணித்துவிடலாம். தெரிந்துவிட்டால், முதல் டிரிப்ஸை ஒட்டியே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடங்குகிறார்கள். மூட்டுவாதக்காரர்கள் அறிந்த மெத்தோட்ரெக்ஸேட்டும் அவற்றில் ஒன்று. எதிர்ப்பு வலுத்த பிறகு அதை அடக்குவது மிகக் கடினம். நாள்களை எண்ணிச் செய்யும் வேலை இது. அதனால்தான் 2005இலேயே பச்சிளங்குழந்தைகளிடம் இந்நோயைத் தேடத் தொடங்கிய தைவானை நான் மெச்சுகிறேன்.

பணம்? சிங்கப்பூரில் 2019இல் தொடங்கிய அரிய நோய் நிதியின் கீழ் போம்பேயும் வருகிறது. பொதுமக்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் 3 வெள்ளி சேர்க்கிறது.

நம் குடும்பங்களுக்கு இன்னொன்று. தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. மாமன், அத்தை பிள்ளைகளை மணந்தவர்களிடம் அப்படி அமைவது சற்று அதிகம். உறவில் காரணம் தெரியாமல் கைக்குழந்தை இறந்திருந்தால், பழைய கதை என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.