பெயின்டுக்கு முன் பேப்பர்: பழைய சுமோவைச் சீர்செய்வோர் அறிய வேண்டியவை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை விரியும் மானாவாரி பூமியில் ஒரு குடும்ப வண்டிக்கு வேலை அதிகம். ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போய் வர வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்து மதுரை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மழை பெய்தால் குழைந்து போகும் கரிசல் பாதையில் அடிதட்டாமல் ஏறி வர வேண்டும். 1994-இல் வந்து 2019-இல் தயாரிப்பு நின்றுபோன டாடா சுமோவும், 2000 முதல் 2005 வரை விற்ற டொயோட்டா குவாலிஸும், இன்றும் விற்பனையில் இருக்கும் மகிந்திரா பொலேரோவும் இங்கே நிலைத்ததற்கு இதுவே காரணம். இவை கார் உருவில் இருந்தாலும் அடிப்படையில் லாரியின் பங்காளிகள். லாரியைப் போலவே தனி இரும்பு சேஸ். அதன் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த பாடி. சேஸ் நன்றாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். அதனால்தான் இருபது வயதான வண்டியையும் வாங்கிச் சீர்செய்து ஓட்டும் துணிச்சல் வருகிறது. துணிச்சலில் தவறில்லை, பணம் போகிற வரிசையில்தான் தவறு. முதலில் டிங்கரிங், பெயின்ட், சீட் கவர், அடுத்து இன்ஜின், மிச்சம் இருந்தால் பிரேக், காகித வேலை கடைசியில், பல நேரம் ஒருபோதும் இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மிகக் குறைந்த செலவில் முடிவது காகித வேலை. அதை விட்டால் வரும் நட்டமோ வண்டியின் விலையைப் போலப் பல மடங்கு.

பேர் மாறாத வண்டி

பழைய வண்டி வியாபாரத்தில் விற்றவர் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு ஆர்.சி.யோடு புரோக்கரிடம் கொடுத்துவிடுவதும், அது நாலு கை மாறியும் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருப்பதும் சகஜம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50-இன்படி ஒரே மாநிலத்துக்குள் நடந்த விற்பனையை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இது வெறும் சடங்கு இல்லை என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கில் 2007-இல் விற்ற கார் பலரிடம் கைமாறி 2009-இல் விபத்தில் சிக்கியது. ஒரு சிறுவன் இறந்தான். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பானது. விற்றவருக்கு ஆபத்து இது என்றால், வாங்கியவருக்கும் பாதுகாப்பு இல்லை. இன்சூரன்ஸ் தன் பெயருக்கு மாறாதவரை தன் வண்டியின் சேதத்துக்கு அவர் இழப்பீடு கேட்க முடியாது. பாலிசியை மாற்றித் தரும்படி 14 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சட்டமே சொல்கிறது.

முன்பணம் கொடுக்கும் முன்பே அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு எப்போது முடிகிறது, வங்கிக் கடன் பதிவாகி இருக்கிறதா, இ-சலான் நிலுவை உண்டா என்று பார்த்துவிடலாம். சேஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எண் இருக்கும் இடத்தில் வெல்டிங்கோ அரம் ராவிய தடமோ தெரிந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விலகிவிட வேண்டும். திருட்டு வண்டி என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-இன்படி குற்றம். ‘கவர்மென்ட் ஏல வண்டி’ என்ற பேச்சிலும் கவனம் தேவை. அரசு வாகனங்களின் பதிவை 15 ஆண்டுக்குப் பின் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. பழைய வாகன வியாபாரிகளும் 2023 ஏப்ரலிலிருந்து பதிவு அலுவலரிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும்; அதைக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை.

பதினைந்து வருடம் என்ற பயம்

‘பதினைந்து வருடமானால் வண்டியைப் பறித்துவிடுவார்கள்’ என்ற பயத்தைக் காட்டி விலையைக் குறைப்பவர்களும் உண்டு. ‘அதெல்லாம் கிராமத்தில் யார் பார்க்கிறார்கள்’ என்று தேற்றி விற்பவர்களும் உண்டு. இரண்டுமே பொய். டீசலுக்குப் பத்து ஆண்டு என்ற கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கு உரியது. தமிழ்நாட்டில் அது இல்லை. இங்கே சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு படிவம் 25 கொடுத்து, ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். கார் வகை வண்டிக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம் அதை 10,000 ரூபாயாக்கிவிட்டது. பேரம் பேசும்போதே இதைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

கட்டணம் கனமாக இருக்கிறது என்பது நியாயமான குறை. ஆனால் அதைக் கட்டாமல் மிச்சப்படுத்துவது மிச்சம் ஆகாது. பதிவு செல்லாத நிலையில் திருடுபோன காருக்கு இன்சூரன்ஸ் பணம் தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வெயில் விட்டுவைத்ததும் வெயில் தின்றதும்

காகிதத்துக்கு அடுத்த செலவு கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்குப் போக வேண்டும். இந்த வறண்ட காற்று சேஸுக்கு ஒரு வரம். கடலோர வண்டியைப் போல இங்கேயே ஓடிய வண்டி துருப்பிடிப்பதில்லை. ஆனால் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டை வழியாகவே போகிறது. கடலோரத்து வண்டிகளும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மூழ்கிய வண்டிகளும் இந்தச் சந்தைக்கு வர வழி உண்டு. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக்கோடு தெரியும். தரைவிரிப்புக்குக் கீழும் சீட் போல்ட்டுகளிலும் வண்டல் ஒளிந்திருக்கும். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு பளபளத்தால், அது எதை மறைக்கிறது என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பதே நல்லது.

சேஸை விட்டுவைக்கும் வெயில் ரப்பரை விட்டுவைப்பதில்லை. பாடிக்கும் சேஸுக்கும் இடையிலுள்ள புஷ், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், ஒயரிங் உறை எல்லாம் வெடித்திருக்கும். பழைய சுமோவில் ஏ.பி.எஸ்.ஸோ ஏர்பேக்கோ கிடையாது. ஆகவே பிரேக், ஸ்டியரிங் மூட்டுகள், டயர், சீட் பெல்ட் ஆகிய நாலும்தான் உயிர் காக்க மிஞ்சியவை. ஓரம் தேயாத டயர் என்று ஏமாறாமல் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. இவற்றை முடித்துவிட்டால் பெயின்ட் அடுத்த வருடம் வரை காத்திருக்கலாம். பெயின்டை முடித்துவிட்டு பிரேக்கைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

எந்த மாற்றம் செல்லும்

அதே வகைப் பாகத்தை மாற்றுவது பழுதுபார்த்தல்; வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 தடுக்கும் மாற்றம். தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு முரணாக ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இன்ஜினை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கூடுதல் பெஞ்ச் போட்டு இருக்கை எண்ணிக்கையைக் கூட்டுவது, கூரையை வெட்டுவது, சேஸை நீட்டுவது எல்லாம் கூடாதவை. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக் கவசத்தையும் சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ‘ஆடு மாடு குறுக்கே வரும் ரோட்டில் கவசம் வேண்டாமா’ என்பார்கள். மோதலின் அதிர்ச்சி முன்பகுதி நசுங்குவதில் கொஞ்சமாவது தணிய வேண்டும். சேஸோடு இறுக்கிய கவசம் அதை நேரே உள்ளிருப்பவர்களிடம் கடத்துகிறது, எதிரே நடப்பவரையும் கடுமையாகத் தாக்குகிறது. உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது பிரிவு 182ஏ.

ரசீது என்னும் ஆயுதம்

பட்டறைக்காரர் தெரிந்தவர், ரசீது கேட்டால் கோபித்துக்கொள்வார் என்பது இங்கே பெரிய தடை. சேவை தருபவரின் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் அவர் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. எனவே ‘பில் போட்டால் வரி சேரும்’ என்ற சாக்கு சின்னப் பட்டறைக்குப் பொருந்தாது. தேதி, வண்டி எண், செய்த வேலை, போட்ட பாகத்தின் பெயர், தொகை எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ரசீது தராததையே முறையற்ற வணிகம் என்கிறது. வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதி வாங்குவதும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்வதும் போலி பாகத்துக்கு எதிரான மலிவான காவல். பட்டறையில் விட்ட வண்டியைத் தன் பொருளைப் போலக் கவனிக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு (ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151). அதே சட்டத்தின் பிரிவு 170, ஒப்புக்கொண்ட கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமையை அவருக்கும் தருகிறது. எழுத்து இருந்தால் இருவருக்குமே நன்மை.

வேலை சரியில்லை என்றால் முதலில் பதிவுத் தபாலில் குறையை எழுதிக் காலக்கெடு கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதற்கும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இணையம் வழியாகவும் முடியும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் குறைந்த வருவாய் உள்ளவர்களுக்கும் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100. ஆனால் ரசீது இல்லாமல் போனால், கொடுத்தீர்கள் என்பதற்கே சாட்சி தேட வேண்டியிருக்கும்.

உள்ளே இருப்பவர் யார் பொறுப்பு

மலிவாக முடிக்க ‘தேர்டு பார்ட்டி மட்டும் போதும்’ என்று எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கட்டாயமான இந்தக் காப்பீட்டுக்கு 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த ஆண்டு அடிப்படைப் பிரீமியம் 7,897 ரூபாய். வெளியே அடிபட்டவருக்கு அது ஈடு தரும். வண்டிக்குள் இருக்கும் உங்கள் உறவினருக்குத் தராது. முழுப் பாலிசிதான் அவர்களையும் சேர்க்கும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. பழைய வண்டிக்கு முழுப் பாலிசி தர நிறுவனம் மறுத்தால், பயணிகளுக்கான விபத்துக் காப்பை கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும். ஓன் போர்டு எனும் சொந்த உபயோக வண்டியைச் செலவுக்காக வாடகைக்கு விடும் பழக்கமும் இந்தக் காப்பைக் கெடுக்கும்: பெர்மிட் இல்லாத வாடகை ஓட்டத்துக்கு அபராதம் 10,000 ரூபாய் என்பதோடு, இன்சூரன்ஸ் நிறுவனம் கைகழுவவும் வழி கிடைத்துவிடும்.

‘இவ்வளவு பார்ப்பதென்றால் பழைய வண்டியே வேண்டாமே, புகைதானே மிச்சம்’ என்பது கடைசி ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. நாஸில், பம்ப் சரியில்லாமல் புகைச் சோதனையில் தேறாத வண்டியை ஓட்ட யாருக்கும் உரிமை இல்லை, பி.எஸ். நான்கு மாசு விதிக்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்று தேவை. ஆனால் சேஸ் நன்றாக, பேர் சுத்தமாக, புகைச் சோதனையில் தேறுகிற சுமோவைச் சட்டம் வெளியே தள்ளவில்லை. வறண்ட காட்டில் புது வண்டிக்கு வட்டி கட்ட முடியாத குடும்பம் அதை வைத்துக்கொள்வது நியாயமே. காகிதம் நேராகாத வண்டி, சேஸ் வெல்டிங்கில் நிற்கிற வண்டி என்றால் கதை வேறு. அதை அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் வாங்குங்கள்; பதிவு முறைப்படி ரத்தாகும், உங்கள் பெயரில் எங்கோ அது ஓடும் ஆபத்தும் முடியும். எதைச் சீர்செய்வது, எதை விட்டுவிடுவது என்ற இந்தத் தீர்ப்பை முதல் நாளே, ஒரு ரூபாய் பட்டறைக்குப் போகும் முன் எடுக்க வேண்டும். மலிவில் சீர்செய்வதன் பாதி வேலை அதுதான்.