தோட்டத்தில் வளர்க்கும் ஆமைகளைப் பகைப் பிராணிகளிடமிருந்து காத்தல்

ஆமைக்கு ஓடு இருக்கிறது; ஆகையால் அதற்கு வேறு காவல் வேண்டுவதில்லை என்று பலர் எண்ணியிருக்கின்றனர். இது பெருந் தவறாகும். ஓடு கல்லன்று, உயிருள்ள எலும்பு. அதனுள் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உண்டு. வலிய நாயொன்று அதைக் கடித்து உடைத்துவிடக் கூடும். தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டபோதும், அவற்றின் ஓரங்களைப் பெருச்சாளி கரம்பிவிடுவதுண்டு. ஒரு இரவு காட்டும் அசட்டையால் பல வருஷங்கள் வளர்த்த பிராணியை இழக்க நேரிடும்.

எவ்வகை ஆமை?

காவலைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்குதல் அவசியம். நம் குளங்களிலும் வயல்களிலும் காணப்படும் பாலாமை, காராமை, மேட்டு நிலங்களில் திரியும் நட்சத்திர ஆமை ஆகியவற்றை வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடை செய்கிறது. உழும்போதோ கிணறு இறைக்கும்போதோ இவை அகப்பட்டால், அருகிலுள்ள நீர்நிலையிலோ புதரிலோ விட்டுவிடுதலே முறை. காயம்பட்டிருந்தால் வன இலாகாவினருக்குத் தெரிவிக்கவேண்டும்.

இப்பொழுது வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது அமெரிக்காவின் மிஸிஸிப்பி ஆற்றுப் பிரதேசத்தைச் சேர்ந்த செங்காது ஆமையே. கண்ணுக்குப் பின்னால் செந்நிறப் பட்டை இருப்பது இதன் அடையாளம். குஞ்சாக வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாயிருக்கும் இது, வளர்ந்தபின் ஓர் அடி நீளம் வரையில் ஆகக்கூடும். 20 வருஷங்களுக்கு மேலும் உயிர் வாழும். கண்ணாடித் தொட்டி போதாமற்போகவே, தோட்டத்துத் தொட்டிக்கு இதை மாற்றுகின்றனர். அபாயமும் அன்றே தொடங்குகிறது. அன்னிய நாட்டுப் பிராணிகளைப் பதிவு செய்வது பற்றிய விதிகளையும் வளர்ப்போர் வன இலாகாவில் கேட்டறிந்துகொள்வது நலம்.

பகைப் பிராணிகள்

பகலில் காகமும் பருந்தும் குஞ்சுகளைக் கொத்திச் செல்லும். கீரி பகலிலேயே வேட்டையாடும். முட்டைகளையும் தோண்டித் தின்னும். உடும்பும் அவ்வாறே. இரவில் வருபவை பெருச்சாளி, மரநாய், பூனை, ஊருக்கு வெளியே நரி. எல்லாவற்றிலும் கொடியது நாய். அது பசிக்காக மட்டுமன்றி விளையாட்டாகவும் கடிக்கும். ஆகையால் வீட்டு நாயையும் நம்பலாகாது. இப்பிராணிகளுக்கு நஞ்சு வைப்பதோ கண்ணி வைப்பதோ கூடாது. கீரி, உடும்பு முதலியன சட்டப்படி காக்கப்படுபவை. பகையை ஒழிப்பதன்று, வழியை அடைப்பதே தக்க உபாயம்.

அடைப்பு அமைக்கும் விதம்

தொட்டியையும் அதைச் சுற்றிச் சிறிது மண் தரையையும் உள்ளடக்கி அடைப்பு அமைக்கவேண்டும். தரைக்கு மேல் ஓர் அடி உயரம் வரையில் செங்கற் சுவராக இருப்பது நல்லது. வெறும் கம்பி வலையாயின் ஆமை வெளியே பார்த்துக்கொண்டு ஓரமாகவே ஓயாமல் நடக்கும். அப்பொழுது வலைக்கண் வழியாகக் கால் கடிபடக்கூடும்.

சுவருக்கு மேல் அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த இரும்புக் கம்பி வலையைப் பொருத்துக. கோழிக்கூண்டுக்கு இடும் மெல்லிய அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி, நாயை வெளியே நிறுத்தாது.

தோண்டி நுழைவதைத் தடுக்கச் சுவரின் அடியில் ஓர் அடி ஆழம் வலையைப் புதைத்து, அதன் அடிப்பாகத்தை வெளிப்புறமாக ஓர் அடி மடித்துவிடவேண்டும். தோண்டும் பிராணி சுவரை ஒட்டியே பறிக்கும். வலை தட்டுப்பட்டதும் மேலே செல்ல இயலாது திரும்பும்.

மேலேயும் வலைக் கதவு இருத்தல் வேண்டும். நாய் மூக்கால் நெம்பித் திறக்காதபடி கொக்கித் தாழ் அமைக்கவேண்டும். மேற்புறத்தில் பாதியைக் கீற்றால் மூடி நிழலாக்கி, மறு பாதியை வெயிலுக்கு விடுக. ஆமைக்கு வெயில் காய்தல் அவசியம். ஆனால் நிழலற்ற ஆழமில்லாத நீர் கோடையில் சூடேறி அதைக் கொன்றுவிடும்.

வெயில் காயும் கல்லைத் தொட்டியின் ஓரத்தில் இடாமல் நடுவில் இடுக. அபாயம் கண்டால் ஆமை உடனே நீருக்குள் பாய்ந்து மறையும். அதற்கேற்ப ஒரு பாகத்திலேனும் ஒன்றரை அடி ஆழம் நீர் இருக்கட்டும். நீர் வழிந்தோடும் துளைக்கும் வலையிடுதல் வேண்டும்.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவை

தின்று மிஞ்சிய இரையை உடனே அகற்றுக. அதுவே பெருச்சாளியை அழைப்பது. மாலையில் ஆமைகளை எண்ணித் தாழிடுக. மழைக்குப் பின் சுவரடியைச் சுற்றிப் பார்க்கவேண்டும். நான்கு அங்குலத்திற்குக் குறைந்த குஞ்சுகளை வெளியே விடாது வீட்டினுள்ளேயே வளர்க்கவேண்டும். ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம். ஆகையால் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், சிறு குழந்தைகளைத் தொடவிடாதிருப்பதும் முக்கியம். கடிபட்ட ஆமையை நீரில் விடாமல் சுத்தமான உலர்ந்த பெட்டியில் ஈ மொய்க்காதபடி வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க. காயம் சிறிதாயினும் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

குளத்தில் விடலாகாது

காவல் செய்யச் சலித்து, ஆமையை ஊர்க் குளத்தில் விட்டுவிடுவோர் உளர். இது புண்ணியமன்று. செங்காது ஆமை உலகின் மிகக் கொடிய 100 அன்னிய உயிரினங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. இரையிலும் வெயில் காயும் இடத்திலும் அது நம் நாட்டு ஆமைகளோடு போட்டியிடும், நோய்களையும் பரப்பக்கூடும். குளத்திலுள்ள பாலாமையோ நத்தையையும் செத்த மீனையும் தின்று நீரைச் சுத்தமாக வைப்பது. வளர்க்க இயலாதவர் வேறு பொறுப்புள்ளவரிடம் ஒப்படைக்கலாம்; அதுவும் இயலாதாயின் வன இலாகாவினரைக் கேட்டு நடக்கவேண்டும்.

ஆகவே, ஆமையை வாங்குமுன்னரே மேற்கூறிய அடைப்பிற்கு இடமும் பொருளும் உண்டா என்று ஒவ்வொருவரும் யோசிப்பாராக. இல்லையேல் வாங்காதிருத்தலே உத்தமம்.