வேலியாய் நின்ற வீராங்கனை

காற்பந்தாட்டத்தில் கோல் அடிப்பவரையே ஊர் புகழும். பந்து வரும் வழியை முன்கூட்டியே கணித்துத் தடுக்கும் தற்காப்பு ஆட்டக்காரரைப் பலர் நினைப்பதில்லை. வேலியில்லாப் பயிர் வீடு வந்து சேருமா?

1921ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறித் தன் திடல்களில் அவர்கள் ஆடத் தடை விதித்தது. அத்தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது.

அக்கருத்தைப் பொய்யாக்கியவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டுத் தற்காப்பு வீராங்கனை வென்டி ரெனார். 1990இல் கரிபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவில் பிறந்த அவர், எட்டு வயதில் தந்தையை இழந்தார். பின்னர்க் கடல் கடந்து பிரான்சு சென்று, தேசியப் பயிற்சி மையத் தேர்வில் கலந்துகொண்டார், தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆயினும் மனம் தளராது லியோன் கழகத்தை நாடினார். 2006இல் அக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது.

1.87 மீட்டர் உயரமுடைய அவர், உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டித் தடுப்பதிலும், மூலை உதையின்போது முன்சென்று கோல் போடுவதிலும் வல்லவர். 2011 முதல் 2022 வரை லியோன் 8 முறை ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தை வென்றது. அந்த எட்டு வெற்றிகளிலும் அவருக்குப் பங்குண்டு. கழகத்திற்கும் நாட்டிற்கும் அணித்தலைவராகவும் விளங்கினார்.

பெற்றோர்களே! “பெண்பிள்ளைக்குத் திடல் எதற்கு?” என்று கேளாதீர்கள். மாணவிகளே! ஒரு கதவு அடைபட்டால் மறு கதவைத் தட்டுங்கள்.