புது டிஸ்க் தெரியவில்லையா? ‘போர்டு போச்சு’ என்பதை நம்புமுன்

லேப்டாப்பில் மாற்றிய புது டிஸ்க் தெரியவில்லை என்று கடைக்குப் போனால், ‘போர்டு போயிருக்கும் சார்’ என்ற பதில் சுலபமாக வரும். டிஸ்க் செலவு மதர்போர்டு செலவாக வீங்குவது இந்த இடத்தில்தான். தலையாட்டுமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: டிஸ்க் எங்கே தெரியவில்லை, பயாஸிலா விண்டோஸிலா?

ஆன் செய்ததும் எஃப்2 அல்லது எஃப்10 விசையை அழுத்தினால் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸ் என்ற ஆரம்ப அமைப்புத் திரை திறக்கும். அங்கே டிஸ்க்கின் மாடல் பெயர் இருந்தால், போர்டு அதைப் பார்த்துவிட்டது. மிச்சம் பெரும்பாலும் சாஃப்ட்வேர் வேலைதான். கூடுதல் டிஸ்க்காக மாட்டியிருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘அன்அலகேட்டட்’ என்று கறுப்புப் பட்டையோடு நிற்கும். இனிஷியலைஸ் செய்து பார்ட்டிஷன் போட்டால் போதும். விண்டோஸ் ஏற்றும்போது டிரைவ் பட்டியலே காலியா? 11ஆம் தலைமுறை இன்டெல் முதல் வந்த பல லேப்டாப்களில் இதற்குக் காரணம் விஎம்டி என்ற அமைப்பு. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுங்கள். இதற்கெல்லாம் போர்டு மாற்றத் தேவையில்லை.

பயாஸிலேயே இல்லையென்றால் பொருத்தத்தைச் சந்தேகப்படுங்கள். எம்.2 என்பது டிஸ்க்கின் வடிவம் மட்டும்தான். அதே வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு இணைப்பு வகைகளும் வரும். தங்க நிற முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று என்றால் என்விஎம்இ. சாட்டா மட்டும் படிக்கும் ஸ்லாட்டில் என்விஎம்இயைச் செருகினால், பல லேப்டாப்களில் அது கச்சிதமாக உட்காரும். பயாஸ் மட்டும் கண்டுகொள்ளாது. 2.5 அங்குல டிஸ்க்கில் சிக்கல் வேறு. பல மாடல்களில் டிஸ்க்கையும் போர்டையும் மெல்லிய ரிப்பன் கேபிள் இணைக்கிறது. பழையதைக் கழற்றும் அவசரத்தில் அதன் பூட்டு தளர்ந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு அதைச் சரிபாருங்கள். அதே வகை டிஸ்க்குக்கான யுஎஸ்பி கேஸில் போட்டு வேறொரு கணினியிலும் பார்க்கலாம். அங்கே தெரிந்தால் டிஸ்க் நல்லது.

இந்தச் சோதனை உங்கள் உரிமைக்கும் அடித்தளம். டிஸ்க் பழுது என்றால் வாரண்டி இருக்கிறது. டிஸ்க் நல்லதுதான், லேப்டாப்புக்குப் பொருந்தவில்லை என்றால்? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16 உதவும்: என்ன தேவைக்கு என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும். ஆனால் பிராண்டையும் மாடலையும் நீங்களே சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே லேப்டாப் மாடலை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘இதற்கு எது சேரும்?’ என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் பிறகு சாட்சி.

பில்லில் டிஸ்க்கின் சீரியல் எண் இருக்கட்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அச்சு வாசகத்தைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் பில் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். புதிது என்று விற்றது ஓடித் தேய்ந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

கடை மசியவில்லையா? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போனால் போதும். வெளியூர்க் கடையிலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

இவ்வளவு அலைச்சலில் பலர் பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் பெரிய ஆபத்து அதுதான். ஆதார் நகல், வங்கி அறிக்கை, குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருக்கும். டெலீட் செய்தது, ஃபார்மட் போட்டது பலவும் மீட்கக்கூடியவை. ‘செத்த டிஸ்க்கை வச்சு என்ன பண்ணப் போறீங்க?’ என்று கேட்டாலும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அதிலிருந்து தரவை எடுக்க வேண்டுமானால் இன்னொரு முன்வேலை உண்டு. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்கும். பொதுவாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.