ஆபீஸ் டெலிபோனுக்கும் நகல் வேண்டும்

(பாலக்காடு பகுதிநேர நிருபர்)

எல்லையோர ஆபீஸ்களில் வேலை பார்க்கும் நம் அன்பர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கணினி நின்றுபோனால் ஒரு நாளைக்குப் பேனாவும் காகிதமும் வைத்துச் சமாளித்துவிடலாம். டெலிபோன் நின்றுபோனால் சமாளிக்க வழியில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவசரமாக அழைப்பவரும், கூலிப் பாக்கி பற்றி விசாரிப்பவரும், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உறவினரின் சுகதுக்கச் செய்தி சொல்ல அழைப்பவரும் அந்த ஒரே நம்பரைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

முன்பு ஆபீஸ் டெலிபோன் என்றால் ஆபரேட்டரும் அவர் முன்னே ஒரு போர்டும் இருக்கும். இன்று பல ஆபீஸ்களில் அந்த வேலையைச் செய்வது, மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் 'சர்வர்' என்ற கணினி. 1999-ல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்பவர் உருவாக்கிய 'ஆஸ்டரிஸ்க்' என்ற இலவச மென்பொருளும், அதை எளிதில் நிர்வகிக்க உதவும் 'ஃப்ரீ பி.பி.எக்ஸ்.' என்பதும் வந்த பிறகு, பத்துப் பேர் வேலை செய்யும் ஆபீஸ்கூட இதை வைத்துக்கொள்ள முடிகிறது.

யாருக்கு எந்த எக்ஸ்டென்ஷன், ராத்திரி வரும் அழைப்பு எங்கே போகவேண்டும், "தமிழுக்கு 2-ஐ அழுத்தவும்" என்ற குரல், யார் யாரை எப்போது அழைத்தார் என்ற கணக்கு, பதிவு செய்த பேச்சுகள் எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம். உள்ளே இருந்ததை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே தினமும் அதற்கு ஒரு நகல் எடுக்க வேண்டும். சிறிய ஆபீஸுக்கு ஏற்ற மலிவான வழி, யு.எஸ்.பி. டிரைவில் எடுத்து வைப்பது.

பாலக்காட்டில் நடந்தது

2017 மே 12-ந் தேதி 'வானாகிரை' என்ற கணினிக் கிருமி உலகெங்கும் கிளம்பி, சில நாட்களில் 150 நாடுகள் வரை பரவியது. கணினியில் உள்ள ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கட்டு என்று மிரட்டியது. கேரளத்தில் முதலில் சில கிராமப் பஞ்சாயத்து ஆபீஸ்களில் அது தலைகாட்டியது. அடுத்து நமது பாலக்காடு ரயில்வே டிவிஷன் ஆபீஸில், பணியாளர் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் இருபதுக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்துக்கொண்டது. நல்ல வேளையாக ரயில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை.

அந்தக் கிருமி விண்டோஸ் கணினிகளைத் தாக்கியது. டெலிபோன் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. அதனால் நமக்குக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. 2025 ஆகஸ்டு மாதம் ஃப்ரீ பி.பி.எக்ஸ். மென்பொருளிலேயே ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. நிர்வாகப் பக்கத்தை இன்டர்நெட்டில் திறந்து வைத்திருந்த சர்வர்களுக்குள் விஷமிகள் அந்த வழியே புகுந்தார்கள். அதை நடத்தும் சங்கோமா நிறுவனம், பாதிக்கப்பட்டவர்கள் ஆகஸ்டு 21-க்கு முன் எடுத்த நகலைக் கொண்டு சர்வரை மீட்டுக்கொள்ளும்படி அறிவுரை கூறியது.

இந்த அறிவுரையைக் கவனிக்க வேண்டும். நேற்று ராத்திரி எடுத்த ஒரே நகலை மட்டும் வைத்திருப்பவருக்கு இதனால் பயனில்லை. அந்த நகலுக்குள்ளும் திருடன் இருப்பான். பழைய தேதி நகலும் கைவசம் இருப்பவரே தப்பிக்க முடியும்.

கழற்றினால்தான் காப்பு

பலர் ஒரு டிரைவை வாங்கிச் சர்வரின் பின்புறம் செருகிவிட்டு, அத்துடன் கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள். செருகியே இருக்கும் டிரைவ், சர்வரின் ஓர் உறுப்பு போலத்தான். சர்வரைப் பூட்டும் கிருமி அதையும் பூட்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இந்த மலைப்பக்கம் இடி எப்படி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் கம்பி வழியாக வரும் மின்னல் சர்வரோடு அதையும் சேர்த்துக் கருக்கிவிடும்.

கழற்றிய டிரைவையும் அதே அறை பீரோவில் வைத்தால் பாதிப் பலன்தான். 2018 ஆகஸ்டு 9-ந் தேதி பாலக்காடு நகரின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அன்றுதான் இடுக்கி அணையின் செறுதோணி ஷட்டர் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அந்த வெள்ளத்தில் ரேஷன் கார்டையும் பட்டாவையும் பள்ளிச் சான்றிதழையும் இழந்தவர்கள் எத்தனையோ பேர். மறு நகல் வழங்க அரசே அதாலத் நடத்த வேண்டியிருந்தது. சர்க்கார் ஆவணத்துக்குச் சர்க்காரிடம் இன்னொரு பிரதி இருந்தது. உங்கள் ஆபீஸ் டெலிபோன் சர்வருக்கு அப்படி யாரிடம் இருக்கிறது?

ரயில்வேயில் பார்சல் ரசீதைக் கார்பன் வைத்து எழுதிய நாட்களில், பிரதிகள் எழுதிய கையோடு பிரிந்துவிடும். ஒன்று அனுப்புகிறவரிடம் போகும், ஒன்று கணக்கு ஆபீஸுக்குப் போகும், ஒன்று ஸ்டேஷனில் தங்கும். டிரைவ் விஷயத்திலும் அதே முறைதான் நல்லது.

செய்ய வேண்டியது

இரண்டு டிரைவ்கள் வாங்கி 'அ', 'ஆ' என்று சீட்டு ஒட்டுங்கள். ஒரு வாரம் 'அ' சர்வரில் இருக்கட்டும், 'ஆ' வேறு கட்டிடத்தில், மேடான இடத்தில் பூட்டி இருக்கட்டும். திங்கட்கிழமை மாற்றுங்கள். மாதம் ஒரு முறை எடுக்கும் நகலை மூன்றாவது டிரைவில் போட்டுத் தனியே வையுங்கள். மாற்றிய தேதி, எந்த டிரைவ், யார் எடுத்துப் போனார் என்பதை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

டிரைவின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண 'வேவ்' முறையில் ஒரு நிமிஷப் பேச்சுப் பதிவு ஏறக்குறைய 1 எம்.பி. பிடிக்கும். தினம் 200 நிமிஷம் பதிவானால் மாதம் 6 ஜி.பி. ஆகும். கடையில் வரும் பென்டிரைவ்களில் பல 'ஃபேட் 32' முறையில் இருக்கும். அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. பதிவுகளை ஒரே கட்டாகக் கட்டினால் நகல் பாதியில் நின்றுவிடும். ஆகவே முதலிலேயே லினக்ஸுக்கு ஏற்றபடி டிரைவை ஃபார்மேட் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. டிரைவைக் கழற்றிய பிறகும் ராத்திரி நகல் வேலை தானாக ஓடும். டிரைவ் இல்லாவிட்டாலும் அதன் பெயரிலுள்ள ஃபோல்டர் சர்வரிலேயே இருக்கும். நகல் அதில் போய் விழும். எல்லாம் நலம் என்றே தகவல் வரும். நாளடைவில் சர்வரின் டிஸ்க் நிரம்பி டெலிபோனே நின்றுவிடும். டிரைவ் உண்மையாகவே செருகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நகல் தொடங்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். இரண்டு டிரைவுக்கும் கணினிக்குள் ஒரே பெயர் கொடுத்தால், எதைச் செருகினாலும் சர்வர் ஏற்றுக்கொள்ளும். இரண்டையும் ஒரே சமயத்தில் மட்டும் செருகக் கூடாது. கழற்றும் முன் கணினியில் அதற்குரிய கட்டளை கொடுக்க வேண்டும். வெடுக்கென்று பிடுங்கினால் கடைசி ஃபைல் குறையாகிவிடும்.

டிரைவில் எக்ஸ்டென்ஷன்களின் ரகசியச் சொற்களும் பிறர் பேச்சும் இருக்கின்றன. பஸ்ஸில் தொலைந்து வேண்டாதவர் கையில் சிக்கினால், உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசித் தீர்த்துவிடுவார்கள். ஆகவே ரகசியச் சொல் போட்டு நகலைப் பூட்டுங்கள். அந்தச் சொல்லை ஒரு கவரில் எழுதி ஒட்டி, பொறுப்பான அதிகாரியிடம் கொடுங்கள். சர்வரில் மட்டும் வைத்தால், சர்வர் போகும் நாளில் சாவியும் போய்விடும்.

கடைசியாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழைய கணினி ஒன்றில் நகலை ஏற்றிப் பாருங்கள். வெளி லைன் எதையும் அதில் இணைக்க வேண்டாம். இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா, தமிழ்க் குரல் ஒலிக்கிறதா என்று சோதித்தால் போதும். ஏற்றிப் பார்க்காத நகல், பிரித்துப் பார்க்காத பார்சல் மாதிரி. உள்ளே சரக்கு இருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் பெரிய இன்ஜினியர் தேவையில்லை. ஒழுங்காக நோட்டு எழுதும் ஒரு குமாஸ்தா போதும். சர்வர் நிற்கும் நாளில் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அந்தக் குமாஸ்தாதான் என்பதால், இந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது நமக்கே நல்லது.